பாவித்த பழைய உயர்தர ஸ்பீக்கர்: மலையக வீட்டுக்கு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கலாம் என்று கொழும்புக் கடைகளில் விலை விசாரித்தவர்களுக்குத் தெரியும், இன்றைக்கு அது சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டுகிற விஷயம் இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், சில மாதங்களில் 360 ரூபாய் வரை ஏறியது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். புது ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பெரும் பங்கு நாணய மாற்றுக்கும் வரிக்கும் கப்பல் கூலிக்கும் போய்விடுகிறது. மிச்சம்தான் நம் காதுக்கு வருகிறது.

அதே காசுக்கு, இருபது முப்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்திலோ ஜப்பானிலோ டென்மார்க்கிலோ பொறுமையாகச் செய்த ஒரு சோடி பாவித்த ஸ்பீக்கர் கிடைக்கும். மலிவான புதுப் பெட்டியைவிட அது பல மடங்கு நன்றாகப் பாடும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் மலையகத்தில் இருக்கும் நாம் இரண்டு விஷயத்தில் விடாப்பிடியாக இருக்க வேண்டும். பெட்டி ஈரம் ஏறாத இடத்தில் இருந்திருக்க வேண்டும். பழுதானால் நம்மால் திருத்திக்கொள்ள முடிகிற பெட்டியாகவும் இருக்க வேண்டும். வயதைப் பற்றிய கவலை இவை இரண்டுக்கும் பிறகுதான்.

பழைய ஸ்பீக்கர் எப்படி இன்னும் நன்றாக இருக்கும்?

போனும் டிவியும் ஐந்து வருடத்தில் பழசாகிவிடும். ஸ்பீக்கர் அந்த வேகத்தில் மாறுகிற பொருள் இல்லை. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு, கூம்பின் பின்பக்கக் காற்றைச் சமாளிக்க ஒரு பெட்டி: அடிப்படை இவ்வளவுதான். மூடிய சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வைத்து ஆழமான பேஸ் எடுக்கலாம் என்று எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்து காட்டியது 1954இல். துளை உள்ள பெட்டியை எந்த அளவில் செய்தால் எப்படி ஒலிக்கும் என்ற கணக்கை அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் எழுதினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரித்து எழுதினார். இன்றைக்கும் பெட்டி வடிவமைப்பவர்கள் இந்த இருவரின் பெயரில் உள்ள அளவுகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே 1980களில் ஒரு நல்ல நிறுவனம் செய்த ஸ்பீக்கருக்கும் இன்றைய ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், விளம்பரங்கள் சொல்கிற அளவுக்குப் பெரிது இல்லை.

நமக்கு நேராகப் பொருந்தும் ஓர் உதாரணம் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர். வெளி இடங்களிலிருந்து ஒலிபரப்பும் வாகனத்தின் நெருக்கமான அறைக்குள் குரலைச் சரியாகக் கேட்டுச் சோதிப்பதற்காக, 1970களில் பிபிசி பொறியியலாளர்கள் இதை வடிவமைத்தார்கள். ரோஜர்ஸ், ஸ்பெண்டர், ஹார்பெத் போன்ற பல நிறுவனங்கள் பிபிசியின் உரிமம் பெற்று இதைச் செய்தன. உயரம் ஓர் அடிதான், எடை ஐந்து கிலோவை ஒட்டி. நெருக்கமான இடத்தில் மனிதக் குரலை நம்பகமாகக் கேட்பது என்பதுதான் அதன் நோக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பாட்டுக் கேட்கிற ஒருவருக்கும் வேறு என்ன வேண்டும்?

பழையது எல்லாமே உயர்தரம் இல்லை

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். 1990களில் வீட்டுக்கு வீடு இருந்த ஜப்பான் மினி கொம்போ செட்டின் பெட்டிகளைக் கழற்றி, “பழைய ஒரிஜினல் ஜப்பான்” என்று விலை சொல்வார்கள். ஜப்பானில் செய்தது என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மெல்லிய பலகை, சின்னக் காந்தம், ட்வீட்டரின் (உச்ச ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) வாலில் ஒற்றைக் கபாசிட்டர், கழற்ற முடியாமல் ஒட்டிய வயர் என்று இருந்தால் அது வேறு சாதி. நல்ல ஸ்பீக்கரைத் தூக்கினாலே எடை சொல்லும். முழங்கால் மடக்கி விரல் முட்டியால் பக்கப் பலகையைத் தட்டினால் டப் என்று அடங்கும், டொங் என்று அதிராது. உள்ளே உச்ச ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்று தனிப் பலகை இருக்கும், அதில் செப்புக் கம்பிச் சுருள்கள் தெரியும்.

தேடத் தகுந்த பெயர்கள் என்றால் கெஃப், ஸ்பெண்டர், ஹார்பெத், ரோஜர்ஸ், டனாய், பி அண்ட் டபிள்யூ, செலஸ்டியன், மிஷன், வார்ஃப்டேல், டைனாடியோ, ஜேபிஎல், ஏஆர், யமஹாவின் என்எஸ் வரிசை. ஒவ்வொரு நிறுவனத்திலும் மலிவு வரிசையும் உண்டு, உச்ச வரிசையும் உண்டு. பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு, அது வெளிவந்த காலத்தில் எந்தத் தட்டில் விற்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள்.

முதல் படி: அறையை அளந்துவிட்டுத் தேடுங்கள்

லயத்துக் காம்பரா என்றாலும் புதுத் தோட்ட வீடு என்றாலும் நம் அறைகள் சின்னவை. தகரக் கூரை, சீமெந்துத் தரை, வெறும் சுவர். இப்படிப்பட்ட அறையில் பன்னிரண்டு அங்குல வூஃபர் (பேஸ் எழுப்பும் பெரிய கூம்பு) உள்ள பெட்டியை வைத்தால் பேஸ் மூலைகளில் குவிந்து பாட்டையே விழுங்கிவிடும். ஐந்தரை முதல் எட்டு அங்குல வூஃபர் உள்ள, ஸ்டாண்டில் வைக்கும் ஸ்பீக்கர்தான் பொருத்தம். பெரிய ஹோல் உள்ள பழைய பங்களாவில் இருப்பவர்கள் மட்டும் பெரிய பெட்டிகளைப் பற்றி யோசிக்கலாம். யமஹா என்எஸ்-1000எம் ஒன்றே 31 கிலோ. பஸ் ரோட்டிலிருந்து படிக்கட்டுப் பாதையில் வீட்டுக்கு யார் தூக்கப்போகிறார்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

அம்ப்ளிஃபயரையும் சேர்த்துப் பாருங்கள். எல்எஸ்3/5ஏ போன்ற சிறு பெட்டிகளின் உணர்திறன், அதாவது கொடுக்கிற வாட்டுக்கு எழும் சத்தம், குறைவு, 82, 83 டெசிபல் அளவில்தான். அவற்றுக்கு 40, 50 வாட்டாவது கொடுக்கும் நல்ல அம்ப் தேவை. நம் ஊருக்கென்று இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஸ்பீக்கர் தள்ளுவது காற்றைத்தானே, ஆகவே அதே ஸ்பீக்கர் அதே வாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டெசிபல் குறைவாக ஒலிக்கும். காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அம்ப் ஏற்கெனவே திணறுகிற இடத்தில் இருந்தால் இதுவும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

இக்மன் போன்ற விளம்பரத் தளங்களும் பேஸ்புக் சந்தையும்தான் முதல் இடம். “ஸ்பீக்கர்” என்று மட்டும் தேடினால் கார் ஸ்பீக்கரும் சப் வூஃபரும் குவியும். மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியும் தேடுங்கள். பொருளின் பெறுமதி தெரியாமல் விற்கிறவர்கள் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நாட்டை விட்டுப் போகும் குடும்பங்கள் வீட்டுச் சாமான் விற்கும்போது நல்ல பெட்டிகள் வெளியே வரும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவைச் சுற்றியுள்ள கடைகளிலும் கண்டியின் பழைய எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளிலும் சொல்லி வைத்தால் எப்போதாவது ஒரு சோடி வரும்.

பழைய துரை பங்களாக்களிலும் கிளப்புகளிலும் கிடந்து வருபவற்றைப் பார்த்தால் மனம் துள்ளும். அங்கேதான் மூக்கையும் கண்ணையும் இன்னும் கூர்மையாக வைக்க வேண்டும். குளிர்கால அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ந்து வெடித்த பெட்டியும், பூட்டிய அறையில் பல பருவமழை கண்ட பெட்டியும் அங்கிருந்துதான் வரும்.

என்னைக் கேட்டால் கொழும்பில் ஏசி போட்ட வீட்டில் இருந்த பெட்டிக்கு முதலிடம், பண்டாரவளைப் பக்கத்து வீட்டில் இருந்ததற்கு இரண்டாம் இடம். வெள்ளவத்தை, கல்கிசை என்று கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தையும் பின்பக்க முனைகளையும் அரித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கலாம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழையில் ஊறிய வீட்டுப் பெட்டி என்றால் இரண்டு மடங்கு கவனம்.

மூன்றாம் படி: பயணத்துக்கு முன் போனில் கேட்க வேண்டியவை

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான். ஆகவே விலையைப் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: “ஐயா, இந்தப் பெட்டியை நீங்களே வாங்கினீர்களா, இல்லை வேறு யாரிடமாவது எடுத்ததா? எந்த அறையில் இருந்தது? எப்போதாவது திறந்து வேலை செய்தீர்களா?” நேர்மையான ஆள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

அப்புறம் படங்கள் கேளுங்கள். முன்துணியைக் கழற்றிவிட்டு இரண்டு பெட்டியின் முகமும், வூஃபரின் ஓரம் கிட்டத்தில், பின்பக்கச் சீரியல் எண்கள், அடிப்பலகை. இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருந்தால் பிறவிச் சோடி. எண் தள்ளியிருந்தால் விட்டுவிட வேண்டும் என்பதில்லை, ஏன் என்று கேட்க வேண்டும். அடிப்பலகைப் படம் அனுப்பத் தயங்கினால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும். ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான்.

நான்காம் படி: நேரில் பார்க்கும்போது

போகும்போது கையில் ஒரு டோர்ச், ஸ்குரூ ட்ரைவரும் ஆலன் சாவியும், மல்டிமீட்டர், ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்று, கொஞ்சம் வயர், நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த சின்ன அம்ப் ஒன்று. விற்பவரின் அம்ப்பில் மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் மோந்து பாருங்கள். பேஸ் துளை உள்ள பெட்டி என்றால் துளைக்கு நேராக மூக்கை வைத்து, வூஃபரை மெதுவாக ஒரு தடவை அழுத்தி விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று முகத்தில் வரும். பழைய மரமும் பசையும் கலந்த வாசனை என்றால் சரி. நனைந்த சாக்கு வாடை வந்தால் உள்ளே அடைத்திருக்கும் பஞ்சில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பஞ்சை மாற்றலாம், ஆனால் பலகை எவ்வளவு குடித்திருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப்போ சிப்போர்டோ ஒரு தடவை ஊறி ஊதிவிட்டால் திரும்பச் சுருங்காது. அடி ஓரங்களை விரலால் தடவினால் உப்பல் தெரியும், நகத்தால் அழுத்தினால் உதிரும். இப்படிப்பட்ட பெட்டியை நான் எந்த விலைக்கும் எடுக்க மாட்டேன். டோர்ச்சைத் துளைக்குள் அடித்துக் கறையான் மண், எலிப் புழுக்கை ஏதும் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வூஃபரின் ஓர வளையம், சரவுண்ட் என்பார்கள். இதுதான் பழைய ஸ்பீக்கரின் மிகப் பலவீனமான இடம். 1970களிலிருந்து 1990கள் வரை ஏராளமான வூஃபர்களுக்கு ஃபோம் சரவுண்ட் போட்டார்கள். அந்த ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்ல உடைந்து, பதினைந்து இருபது வருடத்தில் பொடியாகிவிடும். பாவித்தாலும் சரி, பெட்டியில் மூடி வைத்தாலும் சரி, நடப்பது அதுதான். சுண்டு விரல் நுனியால் வளையத்தின் ஒரு மூலையை மயிலிறகு தொடுகிற மாதிரித் தொடுங்கள். மீள்கிறதா? நல்லது. விரலில் பிசுபிசு என்று ஒட்டினால் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. கருஞ்சாம்பலாக உதிர்ந்தால் ஏற்கெனவே போய்விட்டது. பயப்பட வேண்டாம், ஃபோம் போனது வியாதியே இல்லை. வளையத்தை மட்டும் மாற்றலாம், விலை பேசவும் அது நல்ல பிடி. ரப்பர் சரவுண்ட் என்றால் மடிப்புகளில் வெடிப்பு உண்டா என்று மட்டும் பாருங்கள், பொதுவாக அது நீண்ட காலம் நிற்கும். துணிச் சரவுண்டும் அப்படித்தான், சில நேரம் விறைத்திருக்கும்.

இனிக் கூம்பு. இரண்டு கையின் விரல்களையும் கூம்பின் மையத்துக்கு இருபுறமும் சம தூரத்தில் வைத்து, சரி சமமாக, ஒரு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். காதைக் கிட்ட வையுங்கள். வழுவழு என்று போய் வர வேண்டும். கர் கர் என்று மண் உராய்கிற மாதிரிச் சத்தம் வந்தால் வாய்ஸ் கொயில், அதாவது கூம்போடு ஒட்டிய கம்பிச் சுருள், காந்தத்தின் இடுக்கில் உராய்கிறது. கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கலாம், கொயில் சூட்டில் வீங்கியிருக்கலாம், துருவும் காரணமாக இருக்கலாம். மூன்றுமே செலவு வைக்கும். முழுக்க மூடிய பெட்டி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: தள்ளிவிட்ட கூம்பு மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது, படக்கென்று திரும்பினால் எங்கோ கசிகிறது.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பின்முனைகளில் பிடியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஏழு ஓம் வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை காட்டும். இங்கே இரண்டு பெட்டியும் ஒன்றுபோல் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு வூஃபர் மாற்றப்பட்டிருக்கலாம். ட்வீட்டரின் பாதையில் கபாசிட்டர் இருப்பதால் பின்முனையிலிருந்து மீட்டர் அதைப் பார்க்காது, அதைக் காதால்தான் சோதிக்க வேண்டும்.

பற்றரியைச் சிவப்பு முனைக்கு நேர், கறுப்புக்கு எதிர் என்று ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் வெளியே துள்ளும். பழைய ஜேபிஎல்களில் உள்ளே போகும், அது அவர்களின் பழக்கம். இரண்டு பெட்டியும் ஒரே திசையில் துள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. பற்றரியை ட்வீட்டர் முனைகளில் நேராக வைக்காதீர்கள்.

பிறகு விற்பவரிடம் கேளுங்கள்: “அண்ணே, ஒரு வூஃபரைக் கழற்றிப் பார்க்கலாமா? நானே திரும்பப் பூட்டித் தருகிறேன்.” நாலு ஸ்குரூ கழற்றினால் உண்மை முழுவதும் தெரியும். வூஃபரின் பின்னால் நிறுவனத்தின் சொந்த லேபலோ எண்ணோ இருக்கிறதா, இரண்டிலும் அது ஒன்றா என்று பாருங்கள். முன்பக்கம் ஒரிஜினல் சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே சந்தை வூஃபரைப் பூட்டியிருப்பது நடக்கிற விஷயம். கிராஸ்ஓவர் பலகையில் கருகல், பச்சை பூத்த செம்பு, ஒழுகிய கபாசிட்டர் உண்டா? இரண்டு பலகையையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கேட்டுப் பார்த்தல்

போனில் ஒற்றைச் சுருதி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். குறைந்த சத்தத்தில், ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும், 30 ஹேர்ட்ஸிலிருந்து 300 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஓரிடத்தில் ரீங்காரமோ படபடப்போ வந்தால் அங்கே நிறுத்தி, எங்கிருந்து வருகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். பக்கத்து அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தாலும் அதே சத்தம்தான் வரும், ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம் 2000இலிருந்து 12,000 வரை ஏற்றுங்கள், ட்வீட்டருக்கு நேராகக் காது. ஐம்பது வயது தாண்டியவர் என்றால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போவது நல்லது. உச்ச ஒலியெல்லாம் அந்தக் காதுக்குத்தான் கேட்கும்.

ஒரு பக்கத்து ட்வீட்டர் மட்டும் மங்கலாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று கபாசிட்டர். இன்னொன்று, சில ட்வீட்டர்களின் இடுக்கில் ஊற்றியிருக்கும் ஃபெரோ திரவம் என்ற காந்த எண்ணெய் காய்ந்து கெட்டியாகியிருப்பது. இரண்டும் திருத்தக்கூடியவை. ட்வீட்டர் எரிந்துபோய் அதே மாடல் எங்கும் கிடைக்காது என்றால் மட்டும் விலகிவிடுங்கள். ட்வீட்டர் முகத்தில் நசுங்கிய துணிக் குமிழைப் பெரும்பாலும் வெளியே இழுத்துவிடலாம், உலோகக் குமிழில் மடிப்பு நிற்கும். 1974இல் வந்த யமஹா என்எஸ்-1000எம்மின் நடு ஒலிக்கான குமிழும் ட்வீட்டரும் பெரிலியம் என்ற உலோகம். அது உடைந்திருந்தால் தொடவோ கூட்டவோ வேண்டாம், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

முன்னாலோ பின்னாலோ ட்வீட்டரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி உள்ள பழைய ஏஆர், ஜேபிஎல் மாதிரி என்றால், திருகியைப் பலமுறை இருபுறமும் சுழற்றிவிட்டுக் கேளுங்கள். உள்ளே பூத்த களிம்பினால் ட்வீட்டர் ஊமையாக இருந்து, சுழற்றியதும் உயிர் வருவது உண்டு.

கடைசியில்தான் பாட்டு. உங்களுக்கு மனப்பாடமான பதிவுகள் மட்டும். தனிக் குரல் ஒன்று மோனோவில், அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்படி, போடுங்கள்: குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே நிற்க வேண்டும், இரண்டாகப் பிரிந்தால் வயர் மாறியிருக்கிறது, இல்லையென்றால் சோடி பொருந்தவில்லை. நாதஸ்வரம் கொஞ்சம் போடுங்கள், மலிவான ட்வீட்டர் அதில் கத்திவிடும். என் பங்குக்கு நான் சொல்வது காமன் கூத்துத் தப்படியின் நல்ல பதிவு ஒன்று. குச்சி தோலில் படுகிற அந்தச் சுள்ளென்ற அடியும், அதன் பின்னால் வரும் தோலின் அதிர்வும் தனித்தனியாகக் கேட்டால், அந்தப் பெட்டியில் வூஃபரும் ட்வீட்டரும் கைகோத்து வேலை செய்கின்றன.

மின்னிலை ஸ்பீக்கர் பற்றி ஒரு வார்த்தை

1957இல் வந்த குவாட் ஈஎஸ்எல் என்ற மின்னிலை ஸ்பீக்கரும் 1981இல் வந்த அதன் அடுத்த தலைமுறையும் உலகத்தின் அழகான ஒலிகளில் சேர்ந்தவை. யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் ஆசை வரும். உள்ளே பல ஆயிரம் வோல்ட்டில் மின்னேற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் இசையை எழுப்புகிறது. ஈரமும் தூசியும் அதற்குப் பகை. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில், கிட்டத்தில் திருத்த ஆள் இல்லாமல், அதை வைத்துக்கொள்வது வேதனை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரில் செருகும் மின்சாரம் தேவைப்படும் எந்த ஸ்பீக்கரிலும் வோல்ட்டைப் பாருங்கள்: ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட், நம் கரண்ட் 230.

ஆறாம் படி: விலை

உங்கள் மொத்தக் காசில் நாலில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். அது திருத்த வேலைக்கு. மிச்சம்தான் வாங்கும் விலை. ஃபோம் போயிருந்தால், கபாசிட்டர் பழசாக இருந்தால், அந்தச் செலவைச் சொல்லிக் காட்டிக் கழியுங்கள். கீறலுக்கும் மங்கிய பொலிவுக்கும் கூடக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பார்வைக்கு அசிங்கமான நல்ல பெட்டிதான் நம் மாதிரி ஆட்களுக்கு வந்த அதிர்ஷ்டம்.

ஏழாம் படி: மலைக்கு ஏற்றுதல்

கடுகண்ணாவை, கினிகத்தேனை, ரம்பொடை வளைவுகளில் லொறியின் பின்னால் சும்மா வைத்த பெட்டி என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெட்டியையும் முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் கூம்பில் படாத மாதிரித் தடித்த மட்டையைக் கொடுத்து, பழைய மெத்தையோ கம்பளியோ சுற்றிக் கட்டுங்கள். நிமிர்ந்தபடி வையுங்கள். கொழும்புக்கு மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லொறியில் ஏற்றுவதானால் ஈரத் தட்டில் நேராக வைக்காமல் கீழே பலகை போட்டு, மேலே படங்கு மூடுங்கள்.

ஒவ்வொரு பெட்டியின் சிவப்பு, கறுப்பு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுங்கள். அப்போது கூம்பு ஆடும்போது கொயிலில் உண்டாகும் மின்சாரமே அதன் ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து அம்ப்பில் பூட்டுவதற்கு முன் அந்த வயரைக் கட்டாயம் கழற்ற வேண்டும், மறந்தால் அம்ப் போய்விடும். மறக்காமலிருக்க, வயரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

எட்டாம் படி: திருத்த வேலை

ஃபோம் மாற்றுவது பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. வூஃபரின் அளவை மட்டும் சொல்லி வளையம் வாங்கக் கூடாது. கூம்பின் வெளி விட்டம், மடிப்பின் அகலம், சட்டத்தின் உள் விட்டம் எல்லாம் அளந்து, முடிந்தால் அந்த மாடலுக்கென்றே விற்கிற வளையத்தை வரவழையுங்கள். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோமே போடுங்கள். ரப்பர் பாரம் கூடியது, வூஃபரின் குணத்தை மாற்றிவிடும். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு முதலில் கூம்போடு ஒட்டுங்கள். அது காய்ந்ததும் சட்டத்தோடு ஒட்டும்போது 30 ஹேர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உராய்வு இல்லாத நடு இடத்தில் நிறுத்தி அழுத்துங்கள். ஜூலை மாத ஹட்டனில் பசை காய அதிக நேரம் எடுக்கும், அவசரப்பட வேண்டாம்.

கிராஸ்ஓவரில் இருப்பது மின்பகுபொருள் கபாசிட்டர் என்றால், முப்பது வருடத்துக்குப் பின் அவற்றின் அளவு தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஊர் ரேடியோ பாஸிடம் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார். ஆனால் அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: “பாஸ், அதே மைக்ரோஃபரட், முனை பேதமில்லாத வகை. கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன். பக்கத்து அளவைப் போட வேண்டாம்.” பிலிம் கபாசிட்டர் போட்டால் நீண்ட காலம் நிற்கும். ட்வீட்டர் சற்று கூர்மையாகத் தோன்றினால் ஒரு சிறு ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்துச் சரி செய்யலாம். இரண்டு பெட்டிக்கும் ஒரே நாளில், ஒரே பாகத்தைப் போடுங்கள்.

வூஃபரே போயிருந்தால் “இதே சைஸ் இருக்கு, பூட்டிவிடுறேன்” என்பதற்குச் சம்மதிக்க வேண்டாம். பெட்டியின் அளவும் கிராஸ்ஓவரும் அந்த ஒரு வூஃபருக்காகக் கணக்குப் பார்த்துச் செய்தவை. வேறு வூஃபர் போட்டால் பெயர்ப் பலகை மட்டும்தான் பழையது.

வீட்டில் வைத்த பிறகு

மலையகத்துச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும், கருங்கல் சுவர் என்றால் இன்னும் மோசம். பெட்டிக்கும் சுவருக்கும் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள், ஒலிக்கும் அது நல்லது. தரையில் வைக்காமல் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்ட் ஒன்றைப் பலகையிலேயே செய்துகொள்ளலாம். எதிர்ச் சுவரில் ஒரு தடித்த திரை, தரையில் ஒரு பாய் விரித்தால் தகரமும் சீமெந்தும் எறிகிற எதிரொலி அடங்கும். பாவிக்காத நாட்களில் பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பருத்தித் துணி போதும். முன்துணியில் வெள்ளைப் புள்ளி தோன்றினால் கழற்றி வெயிலில் போட்டுத் தட்டுங்கள், கடதாசிக் கூம்பில் தோன்றினால் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், நனைக்க வேண்டாம்.

சித்திரை மாதத்து மத்தியான இடி தொடங்குவதற்கு முன் அம்ப்பின் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்னலில் அம்ப் போகும்போது வூஃபரின் கொயிலையும் சேர்த்து எரித்துவிடக்கூடும்.

மாற்றிய கபாசிட்டர்களின் அளவு, போட்ட சரவுண்டின் அளவு, வேலை செய்த மாதமும் வருடமும் ஒரு தாளில் எழுதி, கழற்றிய ஒரிஜினல் பாகங்களோடு ஒரு பையில் போட்டுப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் இதே சோடியை யாரோ திறக்கப்போகிறார்கள், அவருக்கு அது தேவைப்படும்.